கடற்காற்று என்றொரு பீர்

புதுச்சேரி தேங்காய்த்திட்டில் ஜெசிந்தா சின்னதாக ஒரு பீர் ஆலை வைத்திருந்தாள். நான்கு டேங்க், பன்னிரண்டு மேஜை, சுவரில் ஒரு கரும்பலகை. அன்றைக்கு என்ன பீர் இருக்கிறதோ அதைச் சாக்பீஸால் அவளே எழுதுவாள். 'கோதுமை. செவ்வாய்க்கிழமை திறந்தது. கொஞ்சம் கசக்கும்.' அவ்வளவுதான். பீர் தீர்ந்தால் அழித்துவிடுவாள்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் தணிகாசலம். குருவுக்கு முப்பத்தேழு வயது, சிஷ்யருக்கு ஐம்பத்தொன்று. சென்னையில் இருபத்திரண்டு வருஷம் விளம்பரம் எழுதியவர். சோப்பு, சிமெண்ட், சேமியா என்று எதைக் கொடுத்தாலும் கண், காது, மூக்கு வைத்து ஒரு கதை சொல்லிவிடுவார். கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் குருசுக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டைப் பிடித்து, இரண்டு டேங்க்குகளும் வாங்கிப் போட்டிருந்தார். இது ஓடாவிட்டால் அவருக்குத் திரும்பிப் போக இடமில்லை. ஐம்பத்தொரு வயதுக்காரரைக் கூப்பிட்டுச் சேமியாவுக்கு எழுதச் சொல்ல இனிமேல் யாரும் வரப்போவதில்லை.

எட்டு மாதம் அவர் அவளிடம் கழுவினார். பீர் காய்ச்சுவதில் முக்கால்வாசி கழுவுவதுதான் என்பது அவருக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

"வால்வைக் கழுவினீங்களா சார்?"

"கழுவிட்டேன் மேடம்."

"கழற்றிக் கழுவினீங்களா? உள்ள ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அதைத் தனியா எடுத்துக் கழுவணும். அழுக்கு தங்கினா பீர் புளிச்சிடும்."

தினமும் இதே கேள்வி. தினமும் அவர் திரும்பிப் போய் வால்வைக் கழற்றுவார். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு வாஷர். உலகத்தில் இதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பார்.

கடைசி நாளன்று ஜெசிந்தா பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டைத் தன் டேங்க்கின் அடியிலிருந்து எடுத்து ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையக் கொடுத்தாள். ஒருவரிடம் இருப்பது செத்துப்போனால் மற்றவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது அந்தத் தொழிலில் வழக்கம்.

தணிகாசலம் தூக்கை வாங்கிக்கொண்டார். கிளம்பவில்லை.

"குருவே, ஒரு சந்தேகம்."

"இந்த 'குருவே' எல்லாம் வேணாம் சார். கேளுங்க."

"காய்ச்சக் கத்துக்குடுத்துட்டீங்க. வர்றவங்ககிட்ட நம்மைப் பத்தி என்ன சொல்றதுன்னு சொல்லித் தரலையே. போர்டுல நான் என்ன எழுதறது?"

அவர் சட்டைப் பையில் ஒரு புதுச் சாக்பீஸ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் வாங்கியிருந்தார். ஜெசிந்தா அதை எடுத்துத் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும் சார்."

"எதுவரைக்கும்?"

"சொல்றேன்."

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் எழுதிப் பிழைத்தவனிடம் போய்ச் சாக்பீஸைப் பிடுங்குகிறாளே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனார். இரண்டு நாள் கழித்து பெயர்ப்பலகை செய்யும் கடைக்குப் போனார். தேக்குப் பலகை, தங்க நிற எழுத்து. எழுத்தின் வளைவு இப்படி இருக்க வேண்டும், அப்படி இருக்க வேண்டும் என்று நாள் முழுக்க அங்கேயே நின்றார். வீட்டுக்கு வந்ததும் அவசர அவசரமாகக் காய்ச்சி டேங்க்குகளை நிரப்பினார். வால்வின் மேல் தண்ணீர் அடித்தார். கழற்றவில்லை.

ஒரு டேங்க்கில் கோதுமை பீர், இன்னொன்றில் பார்லி பீர். திறப்பு விழா சனிக்கிழமை என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. செவ்வாய்க்கிழமை பார்லி டேங்க்கிலிருந்து அரை டம்ளர் பிடித்து வாயில் வைத்தார். புளித்தது. பல் கூசியது.

முந்நூறு லிட்டர். திறந்துவிட்டால் பத்து நிமிஷத்தில் சாக்கடைக்குப் போய்விடும். டேங்க்கின் அடியிலிருந்த குழாயில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். திருப்ப மனசு வரவில்லை. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். எலுமிச்சை பிழிந்த நீர்மோர் மாதிரி இருந்தது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்பது அவருக்குத் தெரியும். குடிக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. அந்த இடத்தில்தான் பழைய கை விழித்துக்கொண்டது.

சனிக்கிழமை தேக்குப் பலகையில் இப்படி இருந்தது: 'கடற்காற்று. வங்கக் கடலின் காற்றிலேறி வந்த ஈஸ்ட், நாற்பது நாள் தவமிருந்து தந்த புளிப்பு.'

கூட்டம் அள்ளியது. பலகைக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். கோதுமை பீரைச் சீந்துவாரில்லை. ஜெசிந்தாவும் வந்திருந்தாள். கடற்காற்றில் ஒரு வாய் குடித்தாள். பலகையைப் படித்தாள். கிளாஸை மேஜையில் வைத்தாள்.

"போர்டு நல்லா இருக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க அந்தப் பாராட்டில் மிதந்தார் தணிகாசலம். மறுநாள் பல் விளக்கும்போதுதான், பீரைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது உறைத்தது.

கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் கடற்காற்றை அவர் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டியதாயிற்று. புளித்த டேங்க்கின் அடியிலிருந்தே ஈஸ்ட்டை எடுத்துப் போட்டார். பீர் ஒரு தடவை அதிகமாகப் புளித்தது, ஒரு தடவை ஈரத்துணி வாடை அடித்தது. ஏன் என்று அவருக்கே தெரியாது. பீர் கோணும்போதெல்லாம் கதையை நிமிர்த்தினார். நாற்பது நாள் நாற்பத்தெட்டு ஆயிற்று. பிறகு பிரெஞ்சுக்காரர் காலத்துச் சைகோனில் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்ட கொள்ளுத்தாத்தா ஒருவர் கப்பலேறி வந்து சேர்ந்தார். உண்மையான கொள்ளுத்தாத்தா திண்டிவனத்தில் மூக்குப்பொடி விற்றவர். சைகோன் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் அவர் தும்மியிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். இந்த பீருக்காகவே மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்ததாகச் சொன்னார். பலகையை வரிவரியாக மனைவிக்குப் படித்துக் காட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"கடல் வாசனை தெரியுது சார்," என்றார். "சொன்னா நம்பமாட்டீங்க. நிஜமாவே தெரியுது."

"ஆமாங்க," என்றார் தணிகாசலம்.

உள்ளே போய் ஒரு காரணமும் இல்லாமல் கையைக் கழுவினார். வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் போகும்வரை வெளியே வரவில்லை.

ஐந்தாவது வாரம் கோதுமை டேங்க்கும் லேசாகப் புளிக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் அவர் ஒரே ரப்பர் குழாயைத்தான் பயன்படுத்தி வந்தார். ருசி பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் அதற்கும் ஒரு பெயர் தயார்: 'கடற்காற்று, இரண்டாம் அலை.' பலகைக் கடைக்கும் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெசிந்தா போன் செய்தாள்.

"சார், என் குளிர் அறை ரெண்டு நாளா ஓடல. எடுத்து வெச்ச ஈஸ்ட் எல்லாம் போச்சு. காலையில காய்ச்சி முடிச்சிட்டேன், ஐநூறு லிட்டர் ஆறிக்கிட்டிருக்கு. பன்னிரண்டுக்குள்ள ஈஸ்ட் போடணும். உங்க கோதுமை டேங்க்ல இருக்கறது நான் குடுத்ததுதானே?"

"ஆமா மேடம்."

"ஒரு தூக்கு கொண்டாங்க."

"கொண்டு வரேன் மேடம்."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. அவள் கொடுத்த அதே தூக்கில்தான் பிடித்தார். முகர்ந்து பார்த்தார். மூடியை அழுத்தி மூடினார். ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வழியில் மூன்று வாக்கியங்கள் தயார் செய்தார். 'எங்க தண்ணிக்குக் கொஞ்சம் வாசனை மாறியிருக்கும் மேடம்.' 'இது நம்ம ஈஸ்ட்டோட அடுத்த தலைமுறை.' மூன்றாவது இன்னும் நன்றாக இருந்தது. பூசி மெழுகுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தூக்கு முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது.

ஜெசிந்தா ஏணி மேல் நின்று டேங்க்கின் மூடியைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே முளைதானியத்தைக் காய்ச்சி ஆறவைத்த மால்ட் சாறு. இனிப்பு வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. அவள் குனிந்து கையை நீட்டினாள்.

"குடுங்க சார்."

கொடுத்தார். அவள் மூடியைக் கழற்றினாள். முகரவில்லை. எப்போது எடுத்தது என்று கேட்கவில்லை. தூக்கைச் சரித்தாள்.

"ஊத்தாதீங்க மேடம்."

கை நின்றது. "ஏன்?"

தயார் செய்த மூன்று வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"கெட்டுப்போச்சு."

"எது?"

"ரெண்டுமே. போர்டு அடிக்கப் போன அன்னிக்கு வால்வைக் கழற்றல, வாஷரைக் கழுவல. பார்லி புளிச்சிடுச்சு. கொட்ட மனசு வராம ஒரு பேரு வெச்சு வித்துட்டேன். இப்ப அதே குழாய்ல கோதுமையும் போச்சு. கடல்லேர்ந்து ஒண்ணும் வரல மேடம். எங்க கொள்ளுத்தாத்தா சைகோனுக்கும் போகல."

சொல்லி முடித்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை.

ஜெசிந்தா தூக்கை மூடினாள். ஏணியிலிருந்து இறங்கி அதை ஓரமாக வைத்தாள். சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்து உலர்ந்த ஈஸ்ட் பாக்கெட் ஒன்றை எடுத்து, கத்தரித்து, மறுபடி ஏறி டேங்க்கில் தூவினாள்.

தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கெட் இருந்துதா?"

"ஒண்ணு எப்பவும் இருக்கும் சார்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?"

"போர்டுல என்ன எழுதறதுன்னு நீங்க கேட்டிருந்தீங்களே."

ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். அவருடைய சாக்பீஸ், முனைகூடத் தேயாமல் இருந்தது. அவர் கையில் வைத்தாள்.

"இப்ப என்கிட்ட சொன்னதை எழுதுங்க. வாஷரையும் விட்டுடாதீங்க."

"எழுதினா யார் மேடம் வருவாங்க?"

"எனக்குத் தெரியாது சார்."

அவர் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மறுபடி ஏணியேறி மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். கடைசித் திருகாணிக்கு அவள் வந்தபோது அவர் கேட்டார்.

"நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"ஊத்தியிருப்பேன்."

"ஐநூறு லிட்டர் மேடம்."

"ஆமா சார். நீங்க குடுத்தீங்கன்னு நம்பி ஊத்தியிருப்பேன். உங்க கடையில அப்படித்தானே குடிக்கிறாங்க."