ஒரு சாக்குப் பூஜ்யம்

அருப்புக்கோட்டையில மருதப்பன் சலூன் எங்கன்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டு வழி சொல்வாங்க. அங்க ஒரு ஆளுக்கு முடி வெட்ட முக்கா மணி நேரம் ஆகும். கத்திரி ஓடுறது கொஞ்ச நேரம்தான், மிச்ச நேரமெல்லாம் மருதப்பன் வாய் ஓடும். நம்புறவங்க நாற்காலியில உக்காரலாம், நம்பாதவங்க பெஞ்சில உக்காரலாம். பாதியில எந்திரிச்சுப் போனவன் மட்டும் இன்னைய வரைக்கும் கிடையாது.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில நாற்காலியில மாட்டினவன் ஜெகதீசன். வீட்டுல உக்காந்துக்கிட்டே கடைக்காரங்களுக்கும் கம்பெனிக்காரங்களுக்கும் வெப்சைட் செஞ்சு குடுக்கிறவன். கூடவே மாடித் தோட்டத்தைப் பத்தி ஒரு பிளாக் எழுதுறான். ஆபீஸ் கிடையாது, முதலாளி கிடையாது, ஒண்ணாந்தேதி சம்பளமும் கிடையாது. அதனாலேயே நாலஞ்சு சம்பந்தம் "பையன் சும்மா வீட்டுல இருக்கானாமே"ன்னு தெரு முக்கோட திரும்பிருச்சு.

இப்ப வந்திருக்கிறது திண்டுக்கல் சம்பந்தம். பொண்ணு பேரு சுகந்தி. ரெண்டு வாரம் போன்ல பேசினதுலேயே நம்ம ஆளு கவுந்துட்டான். கட்டினா இவளைத்தான் கட்டணும்னு மனசுல முடிவே பண்ணிட்டான். அந்தப் பொண்ணு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தது.

"எங்க வீட்டுல எல்லாம் சித்தப்பா வச்ச சட்டம். அவரு வருமானம் கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லிருங்க. முன்னாடி ஒரு இடத்துல சொந்த வீடுன்னு சொன்னாங்க, அது வாடகை வீடு. பூ வைக்க வந்தவங்களை வாசல்ல வச்சே தட்டோட திருப்பி அனுப்பிட்டாரு. கம்மியாச் சொன்னாக்கூடப் பொறுத்துக்குவாரு. பொய்யின்னு தெரிஞ்சா அவ்வளவுதான்."

ஜெகதீசனும் சித்தப்பாகிட்ட போன்ல புட்டுப் புட்டு வச்சிட்டான். "மாமா, ஒரு மாசம் அம்பதாயிரம் வரும், ஒரு மாசம் அஞ்சாயிரத்துக்கே இழுபறி. வேலை ஆரம்பிக்கும்போது பாதி வாங்கிருவேன். மீதி வர்றதுக்குள்ள உயிர் போயிரும். எது வந்தாலும் மூணுல ஒரு பங்கைத் தனிக் கணக்குல போட்டுருவேன். வரி கட்டவும், வேலை இல்லாத மாசத்தை ஓட்டவும் அதான். பிளாக்ல விளம்பரக் காசு வருது, டீச் செலவுக்குச் சரியாப் போகும்." சித்தப்பா "சரி தம்பி, ஒருநா வந்து பாக்குறேன்"னு வச்சிட்டாரு.

ஒருநான்னா எந்த நாள்? அதே ஞாயித்துக்கிழமைதான்.

மருதப்பன் ஜெகதீசன் மூஞ்சி பூரா நுரையைப் பூசி, கண்ணு மட்டும் தெரியுற மாதிரி வச்சிருந்த நேரத்துல, தோள்ல துண்டும் கையில பையுமா ஒரு பெரியவர் உள்ள வந்தாரு. பெஞ்சில ஏற்கெனவே ரிட்டயர்டு கண்டக்டர் சங்கரபாண்டி பேப்பரும் கையுமா உக்காந்திருந்தாரு. பெரியவர் அவரு பக்கத்துல உக்காந்து, துண்டால கழுத்தைத் தொடச்சுக்கிட்டு மெதுவா ஆரம்பிச்சாரு.

"ஏங்க, இந்தத் தெருவுல ஜெகதீசன்னு ஒரு பையன், கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறாராம். ஆளு எப்படி, வரும்படி எப்படி?"

பொண்ணு குடுக்கிறதுக்கு முன்னாடி மாப்பிள்ளையைப் பத்தி டீக்கடையிலேயும் சலூன்லேயும் விசாரிக்கிறது நம்ம பக்கத்து வழக்கம்தானே. மருதப்பனுக்குச் சட்டுனு வெளங்கிருச்சு. ஜெகதீசனுக்கு அதுக்கும் முன்னாடியே வெளங்கிருச்சு, போன்ல கேட்ட அதே சித்தப்பா குரல். "மாமா"ன்னு சொல்ல வாயைத் தொறந்தான். பிரஷ் வாய்க்குள்ள போயிருச்சு. மருதப்பன் கண்ணாடி வழியா ஒரு கண்ணை அடிச்சான். நீ பேசாம இரு, அண்ணன் பாத்துக்கிறேன்னு அர்த்தம்.

"ஜெகதீசனா? நல்ல இடத்துல வந்து கேட்டீங்க அண்ணாச்சி" அப்படின்னு மருதப்பன் கத்தியைத் தோல் வார்ல தீட்டிக்கிட்டே ஆரம்பிச்சான். "ஆபீஸ் போறவனுக்குத்தான் மாசச் சம்பளம். தம்பிக்கு நிமிஷச் சம்பளம். வெளிநாட்டுக்காரன் பணம் போட்டா அவன் போன்ல டிங்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, ராப்பகலா அது ஓயறதே இல்ல. இந்தத் தெருப் பிள்ளைக பூராவும் அந்தச் சத்தத்துலதான் தூங்குது. ஒருநா போன் சார்ஜ் இல்லாம நின்னுபோச்சு. அத்தனை பிள்ளையும் வீறிட்டு அழுது, பக்கத்துத் தெருவுலேருந்து சண்டைக்கு வந்துட்டாங்க."

"ஏப்பா மருதப்பா, நானும் அதே தெருவுலதானே குடியிருக்கேன்? எனக்கு ஒரு டிங்கும் கேக்கலையே?"ன்னாரு கண்டக்டர்.

"விசில் ஊதி ஊதி உமக்குக் காது போயி எத்தனை வருஷம் ஆச்சு? பேப்பரைப் படியும்."

சித்தப்பா சிரிக்கல. "அப்ப நெறைய வரும்ங்கறீங்க. பையன் என்கிட்ட வேற மாதிரி சொன்னாரே"ன்னாரு.

போச்சுடா, குடி கெட்டுதுன்னு ஜெகதீசன் எந்திரிக்கப் பாத்தான். மருதப்பன் ஒரு கையால தோளை அமுக்கி, இன்னொரு கையால கத்தியைத் தொண்டைக்குழியில வச்சான். "அசையாதே தம்பி, நரம்பு ஓடுற இடம்." அதுக்கு மேல எவன் அசைவான்?

"வேற மாதிரிதான் சொல்வான் அண்ணாச்சி, அடக்கமான பிள்ளை. நெசத்தைக் கேளுங்க. போன வருஷம் அவன் கணக்குல பணம் ஏற ஏற, பேங்க்ல பூஜ்யம் தீந்துபோச்சு."

"என்னது தீந்துச்சு?"

"பூஜ்யம் அண்ணாச்சி! தொகைக்குப் பின்னாடி போடுவாங்கல்ல, அந்தப் பூஜ்யம். இருந்த பூஜ்யத்தையெல்லாம் தம்பி கணக்குலேயே போட்டுட்டாங்க. மத்தவங்க பாஸ்புக்கைப் பாத்தா வெறும் ஒண்ணும் ரெண்டுமா நிக்குது. மேனேஜர் தலையில கையை வச்சு, பக்கத்து ஊருக்குப் போன் போட்டு, ஒரு சாக்குப் பூஜ்யம் கைமாத்தா வாங்கி மினி லாரியில ஏத்திக்கிட்டு வந்தாரு."

"உருண்டையாச்சே, லாரியில நிக்குமா?" கண்டக்டர் விடல.

"எங்கே நின்னுச்சு? பைபாஸ் திருப்பத்துல சாக்குல ஒரு ஓட்டை, ரெண்டு பூஜ்யம் உருண்டு ரோட்டோரம் விழுந்திருச்சு. ஆடு மேய்ச்சவன் ஒருத்தன் எடுத்து மடியில கட்டிக்கிட்டுப் போனான். அவன் இன்னைக்கு ரெண்டு பெட்ரோல் பங்குக்கு முதலாளி!"

ஜெகதீசன் தனிக் கணக்குல அன்னைக்கு இருந்தது மூணு மாசச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காணுற பணம். அதைச் சேக்க அவன் எத்தனை படத்துக்குப் போகாம இருந்தான், எத்தனை சட்டையை வேண்டாம்னு வச்சான்னு அவனுக்குத்தான் தெரியும். அதைச் சொன்னப்ப சுகந்தி "நல்ல பழக்கம்"னு சொன்னதை நெனச்சு நெனச்சுச் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தான். இப்ப அந்த நல்ல பழக்கம் ஆடு மேய்க்கிறவன் மடியில போயிருச்சு.

நுரை காஞ்சுபோச்சு. மருதப்பன் மறுபடியும் பூசினான். சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுப் போட்டுக்கிட்டாரு. மூஞ்சி இறுகிக்கிட்டே வருது.

"வேலை வாங்கிட்டு மீதிப் பணம் தராம இழுப்பாங்கன்னு பையன் சொன்னாரு. அதாவது நெசமா?"

"இழுக்கிறதா? தம்பிகிட்டயா?" மருதப்பன் கத்தியை ஓங்கினான். கண்டக்டர் தன் காதைக் காப்பாத்திக்கிட்டாரு. "வெளிநாட்டுல ஒரு பெரிய கம்பெனி. வெப்சைட்டை வாங்கிட்டு மீதிக்கு இன்னைக்கு நாளைக்குன்னுட்டான். தம்பி முதல்ல மரியாதையா ஒரு மெயில் போட்டான். பதில் இல்ல. ரெண்டாவது மெயில். அதைப் படிச்சு அந்தக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை அழுத அழுகையில கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி போயிருச்சு. அப்பவும் முதலாளி மசியல. தம்பி என்ன செஞ்சான் தெரியுமா? இங்கே உக்காந்த இடத்துலேருந்து அந்த வெப்சைட்ல பச்சைக் கலரை மட்டும் உருவிட்டான்."

"உருவினா?"

"உருவின வேகத்துல அந்த நாட்டுல இருந்த பச்சை பூராவும் வந்திருச்சு! சிக்னல்ல பச்சை எரியல. எல்லா வண்டியும் சிவப்புலேயே நிக்குது. கல்யாணத்துக்குப் போன மாப்பிள்ளை ரோட்டுல நிக்கிறான், பிரசவத்துக்குப் போன டாக்டர் ரோட்டுல நிக்கிறாரு. மந்திரியெல்லாம் நடந்தே போயி அந்த முதலாளி சட்டையைப் பிடிச்சு, 'அருப்புக்கோட்டைத் தம்பிக்குச் சேர வேண்டியதைக் குடுடா'ன்னுட்டாங்க. பணம் வந்துச்சு, வட்டியோட. தம்பியும் பச்சையைத் திருப்பிக் குடுத்துட்டான். என்ன, அவசரத்துல கொஞ்சம் இங்கேயே தங்கிருச்சு. நம்ம பஸ் ஸ்டாண்டுச் சுவத்துல பாசி பிடிச்சிருக்கு பாத்தீங்களா? அது அந்தப் பச்சைதான்."

"அது அடைச்ச சாக்கடைப்பா!"ன்னு கண்டக்டர் கத்தினாரு.

"வெளிநாட்டுப் பச்சை அண்ணாச்சி, இவருக்குச் சாக்கடையாத் தெரியுது."

ஜெகதீசன் "ம்ம், ம்ம்"னு முனகினான். மருதப்பன் மேல் உதட்டுக்குக் கத்தியைக் கொண்டு வந்து "மூக்கு வேணுமா வேண்டாமா?"ன்னு அடக்கிட்டான். பாவிப் பயலே, உனக்கு நான் என்னடா துரோகம் செஞ்சேன்னு மனசுக்குள்ள அழுதான் ஜெகதீசன்.

"பிளாக்குன்னு ஏதோ எழுதுறாராமே? டீச் செலவுக்கு வரும்னாரு" அப்படின்னு சித்தப்பா கேட்டாரு. குரல்ல இப்ப ஈரமே இல்ல.

"டீச் செலவுக்கா! ஒரு தடவை பாகற்காய் வளக்கிறதைப் பத்தி எழுதினான். அப்படித் தத்ரூபமான எழுத்து. படிச்சவன் அத்தனை பேருக்கும் வாய் கசந்துபோச்சு. மெட்ராஸ்லேருந்து மலேசியா வரைக்கும் ஜனங்க சீனி டப்பாவைத் தேடி ஓடுது. கடையில சீனி காலி. சீனி வியாபாரிங்க எல்லாம் ஒண்ணாக் கூடி, 'தம்பி, மாசம் ஒரு பாகற்காய் எழுதுங்க, வேப்பிலை எழுதினா ரெண்டு மடங்கு'ன்னு கமிஷனோட வந்து நின்னாங்க. அந்தக் காசுக்கு அவன் கட்டின வரியில நம்ம ஊருக்கு ஒரு மேம்பாலமே வந்திருக்கணும்."

"நம்ம ஊர்ல ஏதுய்யா மேம்பாலம்?"

"பாலம் வந்தா எல்லாரும் மேலேயே போயிருவாங்க, என் கடைக்கு எவன் வருவான்? நான்தான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்."

சித்தப்பா பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. "சரிங்க. கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு. எங்ககிட்ட இல்லாத பாட்டுப் பாடினவன், ஊருக்குள்ள இப்படி ஒரு பேரை எடுத்து வச்சிருக்கான். ஏதோ ஒரு பக்கம் பொய். எனக்குப் பொய்க்காரன் சம்பந்தம் வேண்டாம்."

கத்தியாவது நரம்பாவது! ஜெகதீசன் மருதப்பனைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சான். ஒரு கன்னம் மழமழன்னு, ஒரு கன்னம் நுரையோட, கழுத்துல துண்டைக் கட்டிக்கிட்டு வாசலை மறிச்சு நின்னான்.

"மாமா, நான்தான் ஜெகதீசன். போன்ல சொன்னது அத்தனையும் சத்தியம். இந்த மாசம் ரெண்டு வேலை. ஒண்ணுக்குப் பாதிப் பணம் வந்திருக்கு, இன்னொண்ணுக்கு மூணு மெயில் போட்டும் பதிலே இல்ல. பச்சையை உருவுற வித்தையெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சா முதல்ல அதைத்தான் செஞ்சிருப்பேன். கஷ்டமான மாசம் இருக்கும், ஆனா சுகந்தியைப் பட்டினி போட மாட்டேன். அவளை எனக்குப் பிடிச்சிருக்கு மாமா. இந்த அண்ணன் என்மேல உள்ள பிரியத்துல அளந்துட்டாரு, அவ்வளவுதான்."

சித்தப்பா அவனை மேலேயும் கீழேயும் பாத்தாரு. நுரை அவன் சட்டையில சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் மருதப்பன் பக்கம் திரும்பினாரு.

"அளந்ததுன்னு இவரு சொல்றாரு. நீங்க சொல்லுங்க. ஒரு பொண்ணோட வாழ்க்கை இது. இவ்வளவு நேரம் சொன்னது பொய்யா, நெசமா? ஒரே வார்த்தை."

கண்டக்டர் பேப்பரை மடிச்சு வச்சிட்டாரு. மருதப்பன் ஜெகதீசனோட பாதி மூஞ்சியைப் பாத்தான். பையன் கண்ணு கலங்கியிருந்துச்சு. பொய்யின்னு ஒத்துக்கிட்டா பையன் பொழச்சுக்குவான். ஆனா வாடிக்கைக்காரங்க முன்னாடி அந்த வார்த்தை மருதப்பன் வாயில வந்ததா சரித்திரமே இல்ல. கடைசியில கத்தியைக் கீழ வச்சிட்டு, நெஞ்சுல கையை வச்சான்.

"அண்ணாச்சி, கடையில நின்னு சொல்றேன். பொறந்ததுலேருந்து இந்த நிமிஷம் வரைக்கும் இந்த வாயில ஒரு பொய் வந்ததில்ல."

கண்டக்டர் கெக்கெக்கேன்னு சிரிச்சுப் பெஞ்சிலேருந்தே சரிஞ்சுட்டாரு. சித்தப்பா உதட்டைக் கடிச்சுக்கிட்டுத்தான் நின்னாரு. தோள் குலுங்குச்சு, அப்புறம் தொந்தி குலுங்குச்சு, துண்டால கண்ணைத் தொடச்சாரு. பையைப் பழையபடி பெஞ்சில வச்சிட்டு ஜெகதீசன் தோளைத் தட்டினாரு.

"உக்காருங்க மாப்ள, மிச்சக் கன்னத்தையும் செரைச்சுக்குங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணணும்பாங்க. இவரு சொன்னதுல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுதான் தேறுச்சு. இப்பச் சொன்னதோட கணக்கு முடிஞ்சுபோச்சு, நாள் குறிச்சிருவோம்."