மண்டபம் கேட்ட நாலு லீகுகள்

செங்கரைச் சீமை ராஜா சொக்கலிங்க பூபதிக்குச் சண்டை என்றால் வேப்பங்காய். கால்பந்து என்றால் உயிர். ஐரோப்பாவில் எந்த மூலையில் பந்து உருண்டாலும் கொலுமண்டபத்துப் பெரிய டி.வி.யில் அது ஓட வேண்டும். சபை மொத்தமும் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆனால் சத்தம் மட்டும் வராது. கொலுமண்டபத்தில் ராஜாவின் குரலை விட உரத்த குரல் எதுவும் கேட்கக் கூடாது என்பது அவருடைய முப்பாட்டனார் போட்ட சட்டம். டி.வி.க்கு மட்டும் விலக்கு உண்டா என்ன? யாரோடு யார் ஆடுகிறார்கள் என்பதைத் திரையின் மூலையில் வரும் எழுத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் தெரிந்துகொள்வார்கள்.

ஒருநாள் ராஜா அறிவித்தார். "உலகத்திலேயே சிறந்த லீக் எதுவோ, அதன் பெயரில் ஒரு மண்டபம் கட்டப் போகிறேன். அரண்மனைக்குப் பின்னால் மைதானம் சும்மாதானே கிடக்கிறது? அங்கே கட்டலாம். எந்த லீக் என்று சொல்லுங்கள்."

"இங்கிலாந்து!" என்று எழுந்தார் தளபதி வீரகேசரி. "வேகம் என்றால் அதுதான் வேகம். கடைசி இடத்தில் கிடப்பவன் திடீரென்று முதலிடத்துக்காரனைப் புரட்டி எடுப்பான்!"

"ஓடினால் ஆயிற்றா? நளினம் வேண்டாமா?" என்றார் நாட்டிய ஆசான் அம்பலவாணர். "ஸ்பெயினைப் பாருங்கள். பந்து கால் மாறுவதே அபிநயம்."

மந்திரி திருவேங்கடம் கனைத்தார். "கோல் போடக் கால் போதும். போடவிடாமல் தடுக்க மூளை வேண்டும். இத்தாலி."

"கூட்டம் இல்லாமல் என்ன ஆட்டம்?" என்றார் பொக்கிஷதார் குப்பண்ணா. "ஜெர்மனியில் ரசிகர்கள் நின்றுகொண்டே பாடுவார்கள். நாற்காலி கொடுத்தாலும் உட்கார மாட்டார்கள்."

"பிரான்ஸை யாருமே சொல்லவில்லையே?" என்று ராஜா சபை விகடகவி ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"அது பாவம், பிரபு. ஆட்டக்காரப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவது அவர்கள். கூட்டிக்கொண்டு போவது இந்த நாலு நாட்டுக்காரர்கள்."

ராஜா சிரித்தார். தளபதிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏகாம்பரத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "பிரபு, இவ்வளவு தெரிந்தவர், தீர்ப்பையும் இவரே சொல்லட்டுமே! நாளைக் காலை வரை நேரம் தரலாம்" என்றார் சர்க்கரையாக. எந்த லீகைச் சொன்னாலும் மற்ற மூன்று பேருக்கும் ஏகாம்பரம் பகையாளி. தளபதி போட்ட கணக்கு அதுதான்.

அன்று சாயங்காலம் குதிரை லாயத்துக் காத்தவராயன் ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"சாமி, வேலை முடிஞ்சா நாங்க பந்து விளையாடுற எடம் அந்த மைதானம் ஒண்ணுதான். அதையும் தோண்டிட்டா, நாங்க லாயத்துக்குள்ளேயே கெடந்து சாக வேண்டியதுதான்."

ஏகாம்பரம் அவன் தோளைத் தட்டினான். "நாளைக்குக் காலையில் உங்களுக்கு ஆட்டம் இருக்கு. எல்லாரையும் வரச் சொல்லு. உசிரைக் கொடுத்து ஆடணும், புரியுதா?" என்றான்.

மறுநாள் சபை கூடியது. ஏகாம்பரம் கும்பிட்டு நின்றான்.

"பிரபு, லீகைத் தெரிந்தவர்களுக்கு ஆட்டத்தைப் பார்த்தாலே அடையாளம் தெரிய வேண்டும். மூலையில் எழுத்து வராமல் ஓர் ஆட்டம் காட்டுகிறேன். எந்த லீக் என்று சரியாகச் சொல்பவரின் லீகுக்கு மண்டபம். யாருமே சொல்லாவிட்டால் மைதானம் இருக்கிறபடியே இருக்கட்டும்."

"சம்மதம்!" என்றார் ராஜா.

திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று சொல்லி, ஏகாம்பரம் ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொன்னான். ஆட்டம் ஓடத் தொடங்கியது. மழை பெய்து பச்சென்றிருந்த புல்தரை. சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும். உயரத்திலிருந்து எடுத்த படம் என்பதால் முகம் பிடிபடவில்லை. ஆனால் ஆட்டமா அது? தீப்பறந்தது!

"பாருங்கள் அந்தச் சிவப்புச் சட்டைகளின் ஓட்டத்தை! சத்தியமாக இங்கிலாந்து!" என்று தளபதி துள்ளினார்.

"நீலச் சட்டைக்காரன் பந்தைக் கால் மாற்றிய அழகைப் பார்க்கவில்லையா? இது ஸ்பெயின்" என்று உருகினார் ஆசான்.

"அரை மணியாக ஒரு கோல் விழவில்லை. இத்தாலியைத் தவிர வேறு எதுவாக இருக்கும்?" என்றார் மந்திரி.

"ஓரத்தில் பாருங்கள், ஒருத்தன் உட்காரவில்லை! ஜெர்மனி!" என்று கூவினார் பொக்கிஷதார்.

"சத்தியம் செய்வீர்களா?" என்று கேட்டான் ஏகாம்பரம்.

நாலு பேரும் செய்தார்கள்.

ஏகாம்பரம் போய்ப் பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தான். 'ஓ' என்ற இரைச்சல் உள்ளே பாய்ந்தது. ராஜா ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். கீழே மைதானத்தில் அதே சிவப்புச் சட்டை, அதே நீலச் சட்டை, அதே பந்து.

"சிவப்பு, நம் லாயத்து ஆட்கள். தினமும் குதிரைக்குப் பின்னால் ஓடுகிற கால்கள், பிரபு. நீலம், நம் மடைப்பள்ளிச் சமையல்காரர்கள். முரசு கோபுரத்தின் மேல் காமிரா வைத்தேன். உட்கார இடமில்லாததால் கூட்டம் நிற்கிறது" என்றான் ஏகாம்பரம்.

மந்திரியும் ஆசானும் பொக்கிஷதாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். தளபதி மட்டும் விடவில்லை. "எது சிறந்த லீக் என்று நீ இன்னும் சொல்லவே இல்லையே?"

"நான் எதற்கு? நீங்கள் நாலு பேரும்தான் சத்தியம் செய்தீர்களே! வேகம், நளினம், தடுப்பு, கூட்டம், நாலும் இந்த ஒரே மைதானத்தில் இருக்கிறது என்று. ஐரோப்பாவில் அப்படி ஒரு லீகைக் காட்டுங்கள், மண்டபத்துக்கு நானே மண் சுமக்கிறேன்."

"மைதானத்தில் ஒரு கடப்பாரை விழக் கூடாது!" என்று ராஜா அங்கேயே உத்தரவு போட்டார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போல மெதுவாகத் திரும்பினார்.

"ஏகாம்பரம், என் சமையல்காரர்கள் அத்தனை பேரும் காலையிலிருந்து அங்கே பந்து உதைக்கிறார்கள் என்றால், மத்தியானச் சாப்பாடு?"

"இல்லை, பிரபு."

ஏகாம்பரம் கைகட்டிச் சொன்னான்.

"இப்படி ஓர் ஆட்டத்துக்கு ஒரு வேளைப் பட்டினிதான் கட்டணம். ஐரோப்பாவில் இவ்வளவு மலிவாக யார் டிக்கெட் தருகிறார்கள்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குப் போட்டுவிட்டு, மிச்ச ஆட்டத்தை நின்றுகொண்டே பார்க்க மைதானத்துக்கு இறங்கினார்.