கிருபாகரனின் சிறுத்தை

வால்பாறையில் தேயிலை பறிக்கும் லூர்துமேரி, தன் பழைய போனில் எடுத்த இருவாச்சிப் பறவைப் படத்தைப் போட்டிக்கு அனுப்பியதுதான் தாமதம், பொள்ளாச்சி புகைப்படச் சங்கத் தலைவர் கிருபாகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிசளிப்பு விழா மேடையிலேயே மைக்கைப் பிடித்தார்.

“இந்த ஓட்டை போன்ல இருவாச்சியா? நெட்ல திருடின படம்! இல்லேன்னா நிரூபிக்கட்டும்.”

“நிரூபிக்கிறேன் சார். எப்போ, எங்கே எடுத்ததுன்னு படத்துக்குள்ளேயே பதிஞ்சிருக்கும். அதைக் காட்டுற சாஃப்ட்வேர் நிறைய இருக்கு. நான் சொன்னா ஏமாத்துறேம்பீங்க. நீங்களே ஒண்ணு சொல்லுங்க.”

இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் குப்பை என்று தள்ளிவிட்டு, இருப்பதிலேயே விலை உசந்ததை லேப்டாப்பில் ஏற்றச் சொன்னார் கிருபாகரன். “இது பொய்யே சொல்லாது. நான் கேரண்டி!”

“அப்போ முதல்ல உங்க படத்துல சோதிச்சுப் பார்த்துடலாம் சார். போன வருஷம் பரிசு வாங்குன சிறுத்தை. காட்டுக்குள்ள உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு எடுத்தீங்களே!”

அந்தச் சிறுத்தையின் வயிற்றில், டிவி திரையில் விழும் நிழல்போல ஒரு சீலிங் ஃபேன் மங்கலாகத் தெரிவதை அவள் எப்போதோ பார்த்து வைத்திருந்தாள்.

கூட்டம் கைதட்டியது. கிருபாகரன் வாயைத் திறப்பதற்குள் சங்கத்து லேப்டாப்காரர், போன வருஷம் சேமித்து வைத்திருந்த சிறுத்தைப் படத்தைத் திறந்துவிட்டார். திரையில் மேப் விரிந்தது. காட்டைக் காணோம். கிருபாகரன் குடியிருக்கும் தெருதான் இருந்தது.

“ஏன் சார், சிறுத்தையை வீட்டு ஹால்லயா வளர்க்கிறீங்க?” என்றாள் லூர்துமேரி.

“சாஃப்ட்வேர் தப்பு!” என்று கத்தினார் கிருபாகரன்.

லூர்துமேரி ஒரு நாற்காலியை இழுத்து மேடை நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

“வேற ஒண்ணு ஏத்துங்க. உங்க சிறுத்தை காட்டுக்குப் போற வரைக்கும் ஏத்துங்க. என் படத்தைத் திறக்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்.”