விளக்குப்பட்டணம் போன மைனாக்கள்

கடலோரக் காட்டில் ஒரு புங்கமரம். அதில் ஒரு மைனாக் குடும்பம். அம்மா மைனா பொன்னலகி அன்று காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தாள்.

"கடல் தாண்டிப் போகப்போறோம்! விளக்குப்பட்டணம்! கப்பல் கொடிமரத்துல ஏறி உட்கார்ந்தா நேரா கொண்டுபோய் விட்டுடும். ரெண்டு நாள் சுத்திப் பார்த்துட்டு அதே கப்பல்ல திரும்பிடலாம். என்ன சொல்றீங்க?"

மகன் துடுக்கன் ஒரு கண்ணைத் திறந்தான். "ம்" என்றான். மறுபடி மூடிக்கொண்டான்.

மகள் மிழலை இறகைக் கோதிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகவே அவளுக்கு அதுதான் வேலை. "எதையோ பண்ணுங்க" என்றாள்.

எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்! மைனா என்றால் பேசுகிற பறவை. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், நாய் குரைப்பதானாலும் வண்டி ஊதுவதானாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். அப்பேர்ப்பட்ட இனத்தில் பிறந்துவிட்டு இந்த இரண்டும் வாயே திறப்பதில்லை. குஞ்சாக இருந்தபோது கேள்வி கேட்டே தாயைத் தூங்கவிடாதவர்கள்தான். இறகு முழுசாக முளைத்ததும் என்ன ஆனதோ, தெரியவில்லை.

மழைக்காலம் பிறந்தால் இரண்டும் இளவட்டக் கூட்டத்தோடு பறந்து போய்விடும். அது அந்தக் காட்டு மைனாக்களின் வழக்கம். அதற்குள் நாலு பேருமாக எங்காவது போய், வாய்விட்டுப் பேசிச் சிரித்துவிட்டு வரவேண்டும். பொன்னலகியின் ஆசை அவ்வளவுதான். பாவம், அதைச் சொல்லத் தெரியாமல்தான் கத்தினாள்.

"துறைமுகம் பார்க்கலாமா, பூங்கா பார்க்கலாமா?"

"தெரியல."

"பழக்கடைத் தெரு?"

"ம்."

"கல்லுகிட்ட கேட்டிருந்தாக்கூட இந்நேரம் பதில் வந்திருக்கும்! ஏங்க, நீங்களாவது கேளுங்களேன்!"

அப்பா மைனா சாந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பிடிக்கலைன்னா விடேன், பொன்னு. நாம ரெண்டு பேரும் மட்டும்..."

"நீங்க வாயை மூடுங்க!"

சாந்தன் மூடிக்கொண்டான்.

மிழலை கோதுவதை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்தாள். "சரிம்மா. அங்க போனதும் முதல்ல எங்க போவோம்?"

பொன்னலகிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "முதல்ல உங்க பெரியம்மாவோட அரசமரம்! மத்தியானம் மணிக்கூண்டுல சித்தப்பா. சாயங்காலம் அத்தை. மறுநாள் அத்தையோட சம்பந்தி வீட்டுல..."

"பட்டணத்தை எப்பம்மா பார்ப்போம்?"

"போற வழியில கண்ணுல படும்ல!"

துடுக்கனுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "போன தடவை மலைக்குக் கூட்டிட்டுப் போன. மலையைப் பார்த்தோமா? ஒண்ணுவிட்ட மாமாவோட பொந்தைப் பார்த்தோம்! 'மாமாவுக்குப் புலி மாதிரி உறுமிக் காட்டுடா'ன்னு சொன்ன. உறுமினேன். மாமா பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. இனிமே சொந்தக்காரங்க வீட்டுக்கு நான் வரவே மாட்டேன்!"

"அவ்வளவு தூரம் போயிட்டு எட்டிக்கூடப் பார்க்காம வந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"அப்ப நீ மட்டும் போயிட்டு வா!"

பொன்னலகி கிளையில் அங்கும் இங்கும் நடந்தாள். முணுமுணுத்தாள். திட்டினாள். கடைசியில் பிள்ளைகள் வந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

"சரி! ஒரு சொந்தக்காரங்க வீடும் கிடையாது. நாம நாலு பேர் மட்டும்தான். சத்தியம்! போதுமா?" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை. "எங்க அக்கா வீட்டுக்குப் போனா மட்டும் என்ன கிடைக்கப்போகுது? காஞ்ச புழுவைத்தானே எடுத்து வைப்பா! உங்க அத்தை வாயைத் திறந்தா அவ பிள்ளை பெருமைதான், காது புளிச்சுப்போயிடும்!"

பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மறுநாளே நாலு பேரும் கப்பல் ஏறினார்கள்.

கப்பலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. "அம்மா, அதோ பாரு, மீன் எப்படித் துள்ளுது!" என்று மிழலை தானாகவே பேசினாள். பொன்னலகிக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் பாழாய்ப்போன மனசு சும்மா இருக்கவேண்டுமே! 'அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?' என்று குடைந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் அசந்த நேரம் பார்த்து ஒரு கடற்புறாவைக் கூப்பிட்டாள்.

"எங்க அக்காகிட்ட நாங்க வர்றோம்னு மட்டும் சொல்லிடு. ஆனா யாரும் வரவேண்டாம்!"

வரவேண்டாம் என்றால் வராமல் இருப்பார்களா? துறைமுகத்துக் கிரேன் முழுக்க மைனாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெரியம்மா, சித்தப்பா, அத்தை, அத்தையின் சம்பந்தி, அந்தச் சம்பந்தியின் தம்பி குடும்பம் உட்பட எல்லாரும் ஆஜர்.

"ஐயோ, எப்படி வளந்துட்டாங்க! ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டாங்க?" என்று ஓடிவந்தாள் பெரியம்மா. "துடுக்கா, நீ அச்சு அசலாப் பேசுவியாமே! எங்க, பெரியம்மாவுக்கு ஏதாவது பேசிக் காட்டு பார்ப்போம்!"

துடுக்கன் தாயைத் திரும்பிப் பார்த்தான்.

பொன்னலகி நெளிந்தாள். "ஒரே ஒரு தடவைடா கண்ணு. பெரியவங்க ஆசையாக் கேக்கறாங்கல்ல!"

துடுக்கன் வாயைத் திறந்தான். வந்தது பொன்னலகியின் குரல், இம்மியும் பிசகாமல்!

"ஒரு சொந்தக்காரங்க வீடும் கிடையாது. சத்தியம்! எங்க அக்கா வீட்டுக்குப் போனா மட்டும் என்ன கிடைக்கப்போகுது? காஞ்ச புழுவைத்தானே எடுத்து வைப்பா!"

மிழலையும் விடவில்லை. "உங்க அத்தை வாயைத் திறந்தா அவ பிள்ளை பெருமைதான்!" என்றாள் அதே குரலில்.

கிரேனில் இருந்த அத்தனை தலைகளும் பொன்னலகி பக்கம் திரும்பின.

"அப்படியா சங்கதி!" என்றாள் பெரியம்மா. மொத்தக் கூட்டமும் இறக்கையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டது.

"அக்கா! அக்கா, நில்லுக்கா!" என்று அலறிக்கொண்டு பொன்னலகி பின்னாலேயே பறந்தாள். பிள்ளைகள் பட்டணத்துப் பக்கம் பறந்தார்கள். சாந்தன் இரண்டு பக்கமும் பார்த்தான். பிள்ளைகள் பின்னால் போனான்.

அந்த இரண்டு நாளும் பொன்னலகி மரம் மரமாக ஏறி இறங்கிச் சமாதானம் சொன்னாள். காய்ந்த புழுவைத் தின்றுவிட்டு, "ஆகா, என்ன ருசி!" என்றாள். அத்தையின் பிள்ளை பெருமையைப் பொழுது சாய்கிற வரைக்கும் கேட்டாள். "அவங்க வீட்டுக்கு மட்டும் முதல்ல போனியா?" என்று சித்தப்பா கோபித்துக்கொண்டார். அவரைச் சரிக்கட்டுவதற்குள் சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசி வரை ஒருவருக்கும் மனசு ஆறவில்லை.

கப்பல் கிளம்புகிற நேரத்துக்கு மூச்சிரைக்கக் கொடிமரத்துக்கு வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் அங்கே நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், அப்பாவோடு!

"அந்த நீரூத்துல குளிச்சப்ப நீ வழுக்கி விழுந்தியே, அப்பா!"

"அந்த ஐஸ் வண்டிக்காரர் மணி மாதிரியே நான் சத்தம் போட்டதும் அத்தனை பேரும் ஓடி வந்தாங்களே!"

மூன்று பேரும் சிரித்தார்கள். பொன்னலகி நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள். "எந்த நீரூத்து? எனக்கும் சொல்லுங்களேன்" என்றாள்.

துடுக்கன் சொல்லிப் பார்த்தான். பாதியில் நிறுத்திவிட்டான். சொன்னால் புரிகிற வேடிக்கை இல்லை அது.

"நீ வரலையேம்மா" என்றாள் மிழலை. அவள் குரலில் கோபம் இல்லை. "வந்திருந்தா உனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கும்."

கப்பல் நகர்ந்தது. பொன்னலகி தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போன பட்டணத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறவருக்கு, ஊரின் நல்ல பெயரும் கிடைக்காது, பிள்ளைகளோடு இருந்திருக்க வேண்டிய நாளும் திரும்பி வராது.