வாசலில் வைத்த பர்னர்

காற்றுக்கும் மழைக்கும் அணையாத கேஸ் பர்னர் செய்யும் பட்டறை ஒன்று குன்னூரில் இருந்தது. வாசல் காவலாளி பெத்தண்ணன் குளிர்காய ஒரு பர்னர் வைக்கச் சொல்லித் தொழிலாளிகள் கேட்டார்கள். "வாசலில் ஏது காற்று? அவனுக்குச் சுகமான வேலை!" என்று விரட்டினார் முதலாளி சிங்காரவேலர். வாசலில் அவர் காரை விட்டு இறங்கியதே இல்லை.

மறுவாரம் வெல்டர் அங்கம்மாவைக் கூப்பிட்டார். "உன் புது பர்னரைப் பார்க்க வியாபாரிகள் வருகிறார்கள். இருப்பதிலேயே மோசமான காற்றில் எரித்துக் காட்டு. அணைந்தால் உனக்கு வேலை கிடையாது."

வியாபாரிகள் வந்ததும் அங்கம்மா அதைத் தூக்கிப்போய் வாசலில் பற்றவைத்தாள். சாரலோடு காற்று அறைந்தது. முதலாளியின் குடை பறந்தது. சுடர் படுத்துப் படுத்து எழுந்ததே தவிர, அணையவில்லை.

"பார்த்தீர்களா!" பல் தந்தியடிக்க முழங்கினார் முதலாளி. "இதைவிடக் கொடுங்காற்று இந்த மலையிலேயே கிடையாது!"

"பெத்தண்ணே, காதுல விழுந்துச்சா?" என்றாள் அங்கம்மா. "போன வாரம் இங்க காத்தே இல்லன்னாரு ஐயா."

வியாபாரிகள் காவலாளியின் நனைந்த சட்டையைப் பார்த்தார்கள். பிறகு முதலாளியைப் பார்த்தார்கள்.

"இது... இது அவனுக்குத்தான்," என்றார் முதலாளி அவசரமாக.

பெத்தண்ணன் பர்னர் பக்கம் கைகளை நீட்டினார். பிறகு சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"கிட்ட வாங்க ஐயா, நடுங்குறீங்களே."