பதினேழாவது கேள்வி

“மேடம், எல்லாரும் தயார்” என்று சொல்லி, சவரிமுத்து படிவங்கள் அடங்கிய ஒரு தடித்த கோப்பை மேகலாவின் மேசையில் வைத்தார்.

திருச்சியில் கணக்கு சாஃப்ட்வேர் விற்று, அதற்குச் சர்வீஸும் பார்க்கிற சின்ன ஆபீஸ் அது. மேகலாதான் பொறுப்பு. வயது முப்பத்தொன்பது. சவரிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் லாரி பார்சல் கம்பெனியில் இருந்துவிட்டு, போன வருஷம் மேகலாவிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர். தன்னைவிடச் சின்னவரிடம் கற்பதில் அவருக்கு வெட்கம் கிடையாது. ஆனால் படிவம், கையெழுத்து, தேதி இந்த மூன்றும் இல்லாத எதையும் நம்ப மாட்டார். பார்சல் ஆபீஸ் பழக்கம், லேசில் போகுமா என்ன.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய வெர்ஷன் போய்ப் புது வெர்ஷன் வருகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களுக்கும் ஒரே நாளில். திங்கட்கிழமை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் புதுசுதான் இருக்கும். அவர்களைத் தயார்செய்கிற வேலையை மேகலா சவரிமுத்துவிடம் விட்டிருந்தார். மனுஷனைச் சும்மா சொல்லக் கூடாது. கல்யாண மண்டபம் பிடித்து, கேசரியும் காபியும் கொடுத்து, இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். முப்பத்தொரு கேள்விகளோடு படிவம் அடித்து, கடை கடையாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார்.

“ஒருத்தர்கூட பாக்கி இல்ல மேடம். சென்னை ஹெட் ஆபீஸ்ல நேத்தே சொல்லிட்டேன். உங்க கையெழுத்து மட்டும்தான் வேணும்.”

மேகலா கோப்பைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவசரமே படவில்லை. சவரிமுத்து நின்றுகொண்டே இருந்தார். அவருடைய கண்ணாடி கழுத்துக் கயிற்றில் தொங்கியது. சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது.

“பதினேழாவது கேள்விக்கு எல்லாரும் ஒரே பதில் சொல்லியிருக்காங்களே சார்.”

சவரிமுத்து எட்டிப் பார்த்தார். ‘நீங்கள் ஃபேக்ஸ் பயன்படுத்துகிறீர்களா?’ என்பது கேள்வி. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள்.

“இந்தக் காலத்துல யாரு மேடம் ஃபேக்ஸ் அனுப்புறா? அதனாலதான் புதுசுல ஃபேக்ஸ் நம்பர் போடுற கட்டத்தையே எடுத்துட்டாங்க. அதுல இருக்கிறது எதுவும் புதுசுக்கு வராது. போகட்டும், சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு.”

“இத்தனை பேரு ஒரே பதில் சொன்னா எனக்குப் பயமா இருக்கு சார்.”

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. “எழுத்துல இருக்கு மேடம். கையெழுத்தும் இருக்கு.”

“இருக்கு, பார்த்தேன். நம்ம கஸ்டமர்ல, ஒரு தப்பு நடந்தா திருத்தவே முடியாத இடம் எது?”

அவர் யோசித்தார். மளிகைக் கடையில் தப்பு நடந்தால் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். டயர் கடையிலும் அப்படித்தான். ஜவுளிக் கடையில் நாலு வார்த்தை திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம்.

“அரியமங்கலம் ஆக்சிஜன் ஏஜென்சி” என்றார் கடைசியில்.

“நாளைக்குக் காலையில அங்க போவோம். ஆனா ஒண்ணு. நீங்க ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது.”

“கேட்காம எதுக்கு மேடம் போகணும்?”

மேகலா அடுத்த தாளைப் புரட்டினார்.

அந்த ஏஜென்சியில் பில் போடுகிறவர் ஜைனம்பு. பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. ஆஸ்பத்திரிகளுக்கும் வெல்டிங் பட்டறைகளுக்கும், மூச்சுக்குச் சிரமப்படுகிறவர்கள் இருக்கும் வீடுகளுக்கும் சிலிண்டர் அங்கிருந்துதான் போகிறது. இவர்கள் இரண்டு பேரும் போனபோது காலை ஒன்பது மணி.

“சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றார் மேகலா.

“பாருங்க, பாருங்க. இங்க என்ன படமா ஓடுது” என்று சொல்லி ஜைனம்பு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காட்டினார்.

சவரிமுத்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கையில் படிவம் இல்லாமல் ஒரு கடையில் உட்கார்வது அவருக்கு என்னவோ போல இருந்தது. வேறு வழியில்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜைனம்புவின் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஜைனம்பு ஒரு பெயரை அடித்தார். அந்த வாடிக்கையாளரின் பக்கம் திறந்தது. ஜைனம்பு அதில் பெயரையும் பார்க்கவில்லை, விலாசத்தையும் பார்க்கவில்லை. ஒரு மூலையை மட்டும் பார்த்துவிட்டு, வாசலில் வண்டியோடு நின்றவருக்குக் குரல் கொடுத்தார்.

“செல்லையாண்ணே, உறையூர் வீடு. பதினோரு மணிக்குள்ள போயிடுங்க. சந்துக்குள்ள வண்டி போகாது, தள்ளுவண்டியை ஏத்திக்குங்க.”

அடுத்த பெயர். மறுபடி அதே மூலை. “இது நாலு மணிக்குப் போனா போதும். நாய் இருக்கு, வாசல்லயே நின்னு கூப்பிடுங்க.”

சவரிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ‘4 மணி, நாய்’ என்று இருந்தது. கட்டத்தின் தலைப்பில் ‘ஃபேக்ஸ்’ என்று போட்டிருந்தது.

சவரிமுத்து திரும்பி மேகலாவைப் பார்த்தார். மேகலா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜைனம்பு அடுத்த பெயரை அடித்தார். லூர்துமேரி, பாலக்கரை. கட்டத்துக்குள் ‘2 மணி, மாடி, 2 ஆள்’.

“அண்ணே, பாலக்கரை டீச்சர் வீடு. ரெண்டு மணிக்கு சிலிண்டர் காலியாயிடும். ஒண்ணரைக்கு நீங்க அங்க இருக்கணும். பெரிய சிலிண்டர், மாடி ஏத்தணும், ரெண்டு பேரா போங்க.”

“எங்க கோயில்ல பாடுற டீச்சர்” என்றார் சவரிமுத்து. அது கேள்வி இல்லை என்பதால் மேகலா ஒன்றும் சொல்லவில்லை. “ரெண்டு வருஷமா ஆளைக் காணோம்.”

“பாவம் சார். இப்ப மூச்சே இதுலதான் ஓடுது. தினம் ஒரு சிலிண்டர். வீட்ல அவங்க தங்கச்சி மட்டும்தான், அந்தம்மாவுக்குக் காது சுத்தமா கேக்காது. போன் பண்ணிச் சொல்ல ஆள் கிடையாது. நாமளா பார்த்து அனுப்பிடுறது. இப்படி அறுபத்திமூணு வீடு இருக்கு.”

சவரிமுத்துவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“ஏம்மா, நீங்க ஃபேக்ஸ் பயன்படுத்துறீங்களா?”

ஜைனம்பு சிரித்துவிட்டார். “அன்னிக்கே கேட்டீங்களே சார், இல்லைன்னு எழுதிக் கொடுத்தேனே. அதெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா?”

“அப்ப இது?” அவர் எழுந்துபோய்த் திரையில் அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இதுவா? இது நேரம் போடுற கட்டம் சார்.”

ஜைனம்பு சொன்னதில் ஒரு துளி பொய் இல்லை. பதினெட்டு வருஷத்தில் அந்தத் தலைப்பு அவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டிருந்தது. ஆரம்பத்தில் எழுத இடம் தேடியிருக்கிறார். போன் நம்பர் கட்டத்தில் எண் தவிர எதுவும் ஏறவில்லை. இந்தக் கட்டம் சும்மா கிடந்தது, எழுத்தையும் ஏற்றுக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

“நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு” என்றார் ஜைனம்பு. “திங்கக்கிழமை நான் லீவு. தங்கச்சி மகளுக்குப் புதுக்கோட்டையில நிக்காஹ். எனக்குன்னா பாதி வீடு மனப்பாடம். குடோன் பார்க்கிற ராபர்ட்தான் அன்னிக்கு உட்காருறாரு, அவருக்கு ஒரு வீடும் தெரியாது. பரவாயில்ல, எல்லாம் இதுலயே இருக்கு, பார்த்து அனுப்பிடுவாரு.”

இரண்டு பேரும் ஆட்டோவில் திரும்பினார்கள். ஆபீஸுக்கு வந்து, கை கழுவி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்ட பிறகுதான் சவரிமுத்து வாயைத் திறந்தார். பயந்துபோன மனுஷனுக்கு முதலில் கோபம்தான் வரும். அவருக்கும் அதுதான் வந்தது.

“நான் கேட்டேன் மேடம். தெளிவாக் கேட்டேன். இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது அவங்க. ஃபேக்ஸ் கட்டத்துல கொண்டுபோய் நேரத்தை எழுதினா யாருக்குத் தெரியும்? இதுல என் தப்பு எங்க இருக்கு?”

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சார், நீங்க கண்ணாடியைக் கூட்டுல வைக்கிறது உண்டா?” என்று கேட்டார் மேகலா.

“இல்ல மேடம். எப்பவும் கழுத்துலதான் கிடக்கும்.”

“ஒருநாளும் வைக்க மாட்டீங்க?”

“கயிறு வாங்கினதுலேர்ந்து வச்சதே இல்ல.”

மேகலா அந்தக் கூட்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். டீ குடித்த காகித டம்ளர்களுக்கு நடுவில் அது விழுந்தது.

சவரிமுத்து பதறி எழுந்தார். “மேடம், அதுல என் பிரஷர் மாத்திரை இருக்கு.”

“அப்ப என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?”

“நான் எங்க பொய் சொன்னேன்? நீங்க கண்ணாடியைப் பத்தித்தானே...”

அவர் நிறுத்திக்கொண்டார்.

குப்பைக் கூடைப் பக்கம் போனார். பிறகு குனிந்து கூட்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த டீயை வேட்டி நுனியால் துடைத்தார். சாப்பாட்டு டப்பாவை மூடினார். போனை எடுத்துச் சென்னை ஆபீஸுக்குப் போட்டார்.

“திருச்சியிலேர்ந்து சவரிமுத்து பேசுறேன் சார். ஞாயித்துக்கிழமை வேண்டாம்... ஆமா, எல்லாரும் தயார்னு நான்தான் சொன்னேன். இப்ப இல்லைன்னு சொல்றேன்... படிவமெல்லாம் இருக்கு. பதில்ல ஒரு குறையும் இல்ல, கேள்விதான் தப்பு. நான் எழுதின கேள்வி.”

அந்தப் பக்கம் நிறையப் பேசினார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவருடைய காது மடல் சிவந்துபோனது. கடைசியில் மூன்று வாரம் தள்ளிவைக்க ஒத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மதியம் சவரிமுத்து யாரிடமும் சொல்லாமல் அரியமங்கலம் போனார். பழைய வெர்ஷன்தான் ஓடுகிறது என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் ஆபீஸில் உட்கார முடியவில்லை. ஜைனம்புவின் நாற்காலியில் ராபர்ட் இருந்தார். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்று. ஒன்று ஐந்து. சவரிமுத்து வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராபர்ட் திரையில் பாலக்கரை டீச்சரின் பக்கத்தைத் திறந்தார். திரையில் முகத்தை வைத்து அந்த மூலையைப் படித்தார்.

“செல்லையாண்ணே, பாலக்கரை. ரெண்டு மணி. மாடி. ரெண்டு ஆள்.”

வண்டி ஒன்று பத்துக்குக் கிளம்பியது. அது திரும்பி மெயின் ரோட்டில் மறையும்வரை சவரிமுத்து பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. நடுரோட்டில் நின்று அழுதால் நன்றாக இருக்காது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நடந்தார்.

ஆபீஸில் மேகலா தனியாக இருந்தார்.

“வண்டி போயிடுச்சு மேடம்.”

“நல்லது சார். உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“இன்னும் இருநூத்திப் பதினோரு கடை இருக்கு. மூணே வாரம். ஒவ்வொரு கடையிலயும் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்தா நமக்குக் கட்டுப்படி ஆகாது. அதனால ராத்திரி யோசிச்சு, பதினேழாவது கேள்வியைத் திருத்தி எழுதிட்டேன். ‘ஃபேக்ஸ் கட்டத்தில் வேறு ஏதாவது எழுதுகிறீர்களா?’ இப்ப சரியாக் கேட்டிருக்கேனா மேடம்?”

மேகலா தாளை வாங்கிப் படித்தார். நிதானமாக இரண்டாக மடித்து அவரிடமே கொடுத்தார்.

“சார், கண்ணாடிக் கூட்டுல மாத்திரை இருக்குன்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?”

“என் சம்சாரத்துக்குத் தெரியும். தினம் வீட்ல நான் எடுத்துப் போடுறதைப் பார்க்கிறவ. வேற யாருக்கும் தெரியாது.”

“அவங்க அதை உங்ககிட்ட எத்தனாவது கேள்வியில கேட்டாங்க?”