கூழைக்கடா சொன்ன தூரம்

முதலில் ஒரு விடுகதை. இரண்டு நீர்நிலைகள். நடுவே வானத்தில் ஒரே வழி. ஒரு பக்கம் பறந்தால் கொஞ்ச நேரம். மறுபக்கம் பறந்தால் பகல் முழுக்க. நீர்நிலைகள் நகரவில்லை, வழியும் நீளவில்லை. ஏன்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

ஆடி மாதம். தாமரைக்குட்டை வற்றிக்கொண்டிருந்தது. வெண்ணி என்ற கொக்கும் அதன் குஞ்சு அல்லியும்தான் அங்கே மிச்சம். அல்லி பறக்கக் கற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் மூன்று நாளில் குட்டை வெறும் சேறாகிவிடும். அதற்குள் மேற்கே இருக்கும் பெரியேரிக்குப் போயாக வேண்டும்.

அன்று காலை அந்த ஏரியிலிருந்தே ஒரு கூழைக்கடா வந்தது. வற்றும் குட்டையில் மீன் பிடிப்பது சுலபமாயிற்றே!

"அண்ணே, பெரியேரி எவ்வளவு தூரம்?" என்று வெண்ணி கேட்டது.

பறவைகள் தூரத்தை நேரத்தால்தான் சொல்லும். "விடிந்ததும் கிளம்பினேன். வெயில் ஏறுமுன் வந்துவிட்டேன். தின்ற மீன்கூடச் செரிக்கவில்லை" என்றது கூழைக்கடா.

மறுநாள் விடிந்ததும் தாயும் குஞ்சும் கிளம்பின. வெயில் ஏறியது. ஏரியைக் காணோம். உச்சிப்பொழுதில் பாதி வழியிலிருந்த மொட்டைப்பாறையைத்தான் எட்டின. நிழல் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அல்லியின் சிறகுகள் நடுங்கின.

"அம்மா, ஏரி நமக்கு முன்னால் ஓடுகிறதா?"

வெண்ணி குஞ்சைத் திருப்பிக் கூட்டிவந்தது. அல்லி சிறகை விரித்து வைத்ததுதான் தெரியும். சற்று நேரத்தில் குட்டை வந்துவிட்டது!

அதே வழி. போகும்போது அரைப்பகல். வரும்போது இவ்வளவுதானா? வெண்ணி நேராகக் கூழைக்கடாவிடம் போனது.

"அண்ணே, நேற்று நீங்கள் வரும்போது காற்று எப்படி?"

"காற்றா? அப்படி ஒன்றும் அடிக்கவில்லையே."

"கீழே கரும்பெல்லாம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது?"

கூழைக்கடா யோசித்தது. "நான் பறந்துகொண்டிருந்த திசையில்தான்... அட, இது எனக்குத் தோன்றவே இல்லையே."

"பின்னாலிருந்து தள்ளும் காற்றை யார்தான் கவனிக்கிறார்கள்? எதிரே வந்தால்தான் தெரிகிறது" என்றது வெண்ணி.

மீதி இரண்டு நாள். வெண்ணி கூழைக்கடாவிடம் வேறு வழியையும் அங்கே அடிக்கும் காற்றையும் கேட்டுக்கொண்டு, மகளிடம் இரண்டு வழிகளையும் சொன்னது. "நேர்வழியில் இன்னும் சீக்கிரம் கிளம்பிப் பார்க்கலாம். காற்று தணிந்தால் அரைப்பகலில் ஏரி. தணியாவிட்டால் இன்று போலத்தான். இல்லையென்றால் மலையை ஒட்டிச் சுற்றுவழி. அங்கே காற்றுக்கு மறைவு உண்டு, இறங்க இரண்டு சுனைகள் உண்டு. ஆனால் முழுதாக இரண்டு நாள் பறக்க வேண்டும். உன் சிறகு எதைத் தாங்கும் என்று உனக்குத்தான் தெரியும்."

அல்லி ஒரு சிறகை விரித்துப் பார்த்தது. பிறகு மற்றதை.

ஒருவர் வழியைக் கடந்த நேரத்தைக் கேட்டால், அவரைத் தள்ளிவிட்ட காற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அல்லி சுற்றுவழியைத் தேர்ந்தெடுத்தது.